பன்னிரண்டரை மணி ரோஸ்ட்

வெர்னா டீட்ஸ் வைக்கும் மாட்டுக்கறி ரோஸ்ட்டின் வாசனைக்கு நெப்ராஸ்கா மாநிலத்தில் ரயில் நின்றிருக்கிறது. சும்மா நிற்கவில்லை, டிரைவர் இறங்கி வந்து தட்டு கேட்டிருக்கிறான். விதைக்கடைக்கார ஒட்டோ செத்து, அவரைப் புதைக்க எடுத்துப் போன ஊர்வலம் வெர்னா வீட்டைத் தாண்டியபோது பெட்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டதாம். "இன்னொரு துண்டு, கொழுப்போட" என்று குரல் வந்ததாம். மூடியை அமுக்கிப் பிடிக்க ஆறு பேர் வேண்டியிருந்ததாம். மாடுகளுக்கு மட்டும் முன்கூட்டியே விஷயம் தெரிந்திருந்தால் வேலியைத் தாண்டி வந்து வரிசையில் நின்றிருக்கும்.

இதில் ஒரு வார்த்தை பொய் என்று ஹார்ட்விக் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடுத்த ஞாயிறு யார் சமைப்பது?

இதை எழுதுகிறவளுக்கு வெர்னா பெரியம்மா. அப்பாவின் அண்ணன் ஹார்லனைக் கட்டிக்கொண்டவள். இது நடந்த 1971-ல் அவளுக்கு நாற்பத்தாறு வயது. பிள்ளை கிடையாது. தேவாலயத்துக்கு நேர் எதிரே வெள்ளை வீடு. கோழி, தோட்டம், தடித்த மூக்குக்கண்ணாடி. ஊரில் அவளைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "வெர்னாவா? ரோஸ்ட் வைப்பாளே, அவதானே?"

ரோஸ்ட் வந்து அவள் மேல் விழுந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அதற்குப் பதினாறு வருஷத்துக்கு முன்னால் வெர்னாவின் மாமியார் லேனா இறந்துபோனாள். சாவுக்கு மறு ஞாயிறு வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. வெர்னா போய் ஒரு மாட்டுத் தோள்கறியை எடுத்து, மாவில் புரட்டி, பன்றிக் கொழுப்பில் சிவக்க வறுத்து, வெங்காயம் போட்டு இரும்புச் சட்டியில் வைத்தாள். ஊற்ற எலும்புச் சாறு இல்லை. காலையில் மீந்த காபி இருந்தது. அதை ஊற்றினாள். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தாள்.

மாமனார் எமில் முதல் வாயை மென்றார். முள்கரண்டியைக் கீழே வைத்தார். அடக்கத்தின்போது கல்லுப் போல நின்ற மனுஷன், கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"லேனா வச்ச மாதிரியே இருக்கு."

லேனா ஜென்மத்தில் ரோஸ்ட்டில் காபி ஊற்றினதில்லை. ஆனால் மேஜையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி வெர்னாவைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். யாரும் அவளைக் கட்டிப் போடவில்லை, யாரும் ஒரு சத்தியமும் வாங்கவில்லை. பாராட்டித்தான் பார்த்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பன்னிரண்டரை மணிக்கு அந்தச் சட்டி மேஜைக்கு வந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

எட்டே முக்காலுக்குச் சட்டி ஓவன் அடுப்புக்குள் போகும். குமிழை இருநூற்று எழுபத்தைந்து டிகிரியில் திருகிவிட்டு பெரியம்மா சர்ச்சுக்குப் போவாள். முதலில் பைபிள் வகுப்பு, பிறகு ஆராதனை. கடைசி பெஞ்சின் ஓரம் அவளுக்கென்றே ஒதுக்கியது. காணிக்கைத் தட்டு வரும்போது எழுந்து, ரோட்டைக் கடந்து, சட்டியில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுவாள். அவள் எழுந்தால் மணி பதினொன்று இருபது என்று ஊரே கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும். பதினாறு வருஷமாக அவள் ஒரு ஆராதனையின் முடிவைக் கேட்டதில்லை. உலகம் எப்படி முடியப் போகிறது என்று பாஸ்டர் கடைசியில்தான் சொல்வாராம். அதுவும் அவளுக்குத் தெரியாது.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம்தான், எல்டா இல்லாமல் இருந்தால்.

எல்டா வெர்னாவின் தங்கை. பிறந்த குழந்தை நாலாம் நாள் போனதும் பேச்சை நிறுத்திவிட்டாள். மாடு கறக்கப் போய்ப் பாதியில் அப்படியே உட்கார்ந்திருப்பாள். எட்டு மாசம் பார்த்துவிட்டு அவள் புருஷன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, எழுபது மைல் தள்ளி இருக்கிற மனநல ஆஸ்பத்திரியில் விட்டான். அது நடந்து பதின்மூன்று வருஷம். பிறகு பேச்சு வந்தது, அவளை அழைத்துப் போகத்தான் யாரும் வரவில்லை. உள்ளே இருப்பவர்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுவார்கள். ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை.

ஞாயிற்றுக்கிழமை. ஒரு மணி. வேறு நாளா கிடைக்கவில்லை அவர்களுக்கு?

ரோஸ்ட் இல்லாத ஞாயிறு என்றால் பனிப்புயல் அடிக்கிற ஞாயிறு. அன்றைக்கு அந்த எழுபது மைலும் ரோடாகவே இருக்காது. பதின்மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தடவை பெரியம்மா போயிருக்கிறாள், எமிலுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்த வாரம். எல்டா பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய கோட்டுக் கையைப் பிடித்தவள், மூன்று மணி நேரம் விடவே இல்லையாம். மணி அடித்ததும் ஒரு நர்ஸ் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாளாம். அடுத்த ஞாயிறு எமில் வீடு திரும்பிவிட்டார், பசியோடு.

அந்த அக்டோபரில் ஒரு புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. எல்டா இருக்கிற கட்டடத்தை மூடுகிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஏற்றி மாநிலத்தின் மேற்குக் கோடிக்கு, முந்நூற்றைம்பது மைலுக்கு அப்பால் கொண்டுபோகிறார்கள். கீழே எல்டாவின் கையெழுத்தில் இரண்டு வரி. 'எனக்கு ஒண்ணும் வேண்டாம். போறதுக்கு முன்னாடி நீ வருவியான்னு மட்டும் தெரியணும்.'

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பெரியம்மா கடிதத்தை ஹார்லனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஹார்லன் இரண்டு தடவை படித்தார்.

"போயிட்டு வாயேன், வெர்னா. யாரு வேணாங்கறா?"

"ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும்தான் பார்க்க விடுவாங்க."

"சாப்பாட்டை முடிச்சிட்டுக் கிளம்பு."

"சாப்பாடு முடிய ரெண்டு ஆயிடும். பாத்திரம். அப்புறம் மாமாவுக்கு ஆப்பிள் பை, காபி. அதுக்கப்புறம் எழுபது மைல்."

"கொஞ்சம் வேகமா ஓட்டு."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே யோசித்து, தனக்குத் தெரிந்த வழியைச் சொன்னார்.

"இந்த ஒரு ஞாயிறு நீங்க எல்லாரும் ஹைவே கஃபேல சாப்பிட்டா என்ன?"

"அப்பாவைக் கூட்டிக்கிட்டா? அங்க கிரேவி டப்பாலேருந்து வருதும்மா!" ஹார்லன் அந்தக் கிரேவியை நினைத்து உண்மையாகவே வருத்தப்பட்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல. நீயே அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு."

வெள்ளிக்கிழமை கேட்கப் போனாள். எமில் கொட்டகையில் ஏதோ ஆணியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாம்மா வெர்னா. நானே சொல்லணும்னு இருந்தேன். போன வாரம் கேரட்டு கொஞ்சம் பொடிசா வெட்டிட்ட பாரு."

"பெருசாவே வெட்டறேன், மாமா."

"உன் புண்ணியத்துல இந்த வாரத்தையும் ஓட்டிட்டேன். ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்கே, அதுக்குத்தான் உசிரைக் கையில பிடிச்சிட்டு இருக்கேன்."

இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன கேட்பாள்? "ஆணி கையில குத்திடப் போகுது, பார்த்து" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். அவர் திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கதவைப் பூட்டியிருந்தால் உடைத்திருக்கலாம். சிரித்த முகத்தை எந்தப் பக்கம் பிடித்துத் தள்ளுவது?

சனிக்கிழமை சாயங்காலம், சமையலறையில், இதையெல்லாம் பெரியம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். அழவில்லை. உருளைக்கிழங்கின் முளைக்கண்களைக் கத்தி முனையால் தோண்டியபடி, வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள். அந்த நேரத்தில் இதை எழுதுகிறவள் எதிரே உட்கார்ந்து கேரட் சீவிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவளுக்கும் மறுநாள் நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

மறுநாள் ஞாயிறு. சட்டி உள்ளே போனது. அடுப்பு இருநூற்று எழுபத்தைந்தில் எரிந்தது. பெரியம்மா கையுறையை மாட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போனாள்.

பிறகு யாரோ அடுப்பை அணைத்துவிட்டார்கள்.

யார் என்பது கண்டுபிடிக்க முடியாத விஷயம். லேனாவின் ஆவியாக இருக்கலாம், காபி ஊற்றின சங்கதி மேலே தெரியவந்து கோபத்தில் இறங்கி வந்திருக்கலாம். கேஸ் கம்பெனியின் சதியாக இருக்கலாம். குமிழே அலுத்துப்போய்த் தானாகத் திரும்பியிருக்கலாம், பதினாறு வருஷம் ஒரே எண்ணில் நின்றால் யாருக்குத்தான் கழுத்து வலிக்காது? யாராக இருந்தாலும், சர்ச்சில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் செய்கிற நேரமாகப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ரோஸ்ட் வேகவில்லை என்றால் சாப்பாடு இல்லை. சாப்பாடு இல்லை என்றால் எல்லோரும் கஃபேக்குப் போயாக வேண்டும். பெரியம்மா பன்னிரண்டு மணிக்கே காரில் ஏறிவிடலாம். அந்த 'யாரோ'வின் கணக்கு அப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

காணிக்கைத் தட்டு வந்தது. பெரியம்மா எழுந்தாள். ஊர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டது.

அடுப்புக் கதவைத் திறந்தாள். எப்போதும் முகத்தில் அடிக்கிற அனல் இல்லை. மூக்குக்கண்ணாடியில் ஆவி படியவில்லை. வெறுங்கையால் சட்டியைத் தொட்டுப் பார்த்தாள், கோழிக்குஞ்சு அளவுக்குத்தான் சூடு இருந்தது. மூடியைத் தூக்கினாள். கொழுப்பு மெழுகு மாதிரி ஆங்காங்கே உறைந்து கிடந்தது. நடுவில் மாட்டுக்கறி, இப்போதுதான் குளத்திலிருந்து தூக்கின கல்லு மாதிரி.

பெரியம்மா தரையில் உட்கார்ந்தாள். சர்ச் உடுப்போடு, லினோலியத்தின் மேல். ஏதோ பொங்கி வந்தது. அழுகை என்று நினைத்தால், சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சொல்ல வேண்டியது ரொம்பச் சின்னது. ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள், "ரோஸ்ட் வேகல. எல்லாரும் கஃபேக்குப் போங்க." நன்றாகவே வந்தது. இன்னொரு முறை சொன்னாள். அதுவும் நன்றாக வந்தது. இனி கோட்டை மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

எதிரே சர்ச்சில் ஆர்கன் ஆரம்பித்தது. கடைசிப் பாட்டு.

அவள் எழுந்தாள். குமிழைப் பிடித்து நானூற்றைம்பது வரை திருகினாள். கேரட்டைச் சுற்றிலும் அடுக்கினாள். உருளைக்கிழங்கைப் போட்டாள். மூடினாள். கதவைச் சாத்தினாள். தட்டுகளை எடுத்து மேஜையில் பரப்பினாள். கிரேவிக்கு மாவைக் கரைக்கும்போதுதான், தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது. வாய் ஒத்திகை பார்த்ததைக் கைகள் கேட்டுக்கொள்ளவே இல்லை. அவை பாட்டுக்குப் பழைய வேலையைச் செய்து முடித்துவிட்டன.

பன்னிரண்டரைக்குச் சட்டி மேஜைக்கு வந்தது.

மேஜையைச் சுற்றி எமில், ஹார்லன், ஹார்லனின் தம்பி ட்வைட், ட்வைட்டின் மனைவி ஆர்லீன், அவர்களுடைய பெண், அதாவது இதை எழுதுகிறவள். ஜெபம் முடிந்தது. எமில் கத்தியை எடுத்து ரோஸ்ட்டில் வைத்து இழுத்தார். கத்தி நின்றது.

"ஹார்லன், இதைத் தீட்டி எவ்வளவு நாளாச்சு?"

"போன வாரம்தான் தீட்டினேன், அப்பா."

"சரியாத் தீட்டல."

ஹார்லன் தீட்டிக் கொண்டுவந்தார். இந்த முறை எமில் நின்றுகொண்டு அறுத்தார். உள்ளே ரோஜா நிறம். எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் உடனே உப்பு ஜாடியைப் பார்த்தார்கள்.

சாப்பிட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் தாடைகளின் சத்தம் மட்டும்தான். ட்வைட் உருளைக்கிழங்கைக் குத்தினார், அது தட்டை விட்டு எகிறிப் போய் ஆர்லீனின் மடியில் விழுந்தது. ஆர்லீன் அதைத் துண்டால் துடைத்து, திரும்ப அவர் தட்டிலேயே வைத்தாள்.

"வித்தியாசமா இருக்கு, அண்ணி," என்றார் ட்வைட்.

ஹார்ட்விக்கில் இதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது. போன முறை அது சொல்லப்பட்டது, ஒரு பாஸ்டர் பிரசங்க மேடையில் கிடார் வாசித்தபோது. அவர் அந்த மாதமே வேறு ஊருக்குப் போய்விட்டார். ஹார்லன் தம்பியை முறைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆற அமர மென்னு சாப்பிடற மாதிரி."

"ஆமா, கறின்னா ஒரு பிடிமானம் வேணுமே," என்றாள் ஆர்லீன், கன்னத்தில் ஒரு துண்டு புடைத்திருக்க. "கேரட்டு கூட... நல்லா கேரட்டு மாதிரியே இருக்கு."

பெரியம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். யாராவது ஒருவர் முள்கரண்டியைக் கீழே வைத்து, 'என்னம்மா இது, வேகவே இல்லையே' என்று கேட்கட்டும். ஒரே ஒருவர். பெருமூச்சு விட்டுக்கொண்டு 'கஃபேக்குப் போகலாம்' என்று எழுந்திருக்கட்டும். யாரும் எழுந்திருக்கவில்லை. இவர்கள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள், அடுத்த ஞாயிறும் வருவார்கள். வேகாத ரோஸ்ட்டும் அவளை விடாது. சுவரில் மணி ஒன்று அடித்தது. எழுபது மைலுக்கு அப்பால் ஒரு கதவைத் திறந்திருப்பார்கள்.

எமில் தட்டை நீட்டினார்.

"இன்னொரு துண்டு போடும்மா."

போட்டாள். அவர் மெல்ல மென்றார், ரொம்ப நேரம் மென்றார். விழுங்கினார். கண் லேசாகக் கலங்கியது, விழுங்கின கஷ்டமோ என்னவோ.

"லேனா வச்ச மாதிரியே இருக்கு," என்றார்.

பெரியம்மா அவரையே பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது அப்படித்தான் இருந்தது. காபி ஊற்றினாலும் அப்படித்தான், பச்சையாக இருந்தாலும் அப்படித்தான். சட்டியில் செருப்பை வைத்துக் கொடுத்தாலும், பன்னிரண்டரைக்குக் கொடுத்தால், லேனா வைத்த செருப்பு மாதிரியே இருக்கும். பதினாறு வருஷம் அவள் தூக்கிச் சுமந்த ருசி அந்தச் சட்டியில் ஒருநாளும் இருந்ததில்லை.

மடித்துண்டை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"மாமா, நான் எல்டாவைப் பார்க்கப் போறேன்."

அந்தப் பெயர் அந்த மேஜையில் விழுந்து பல வருஷம் ஆகியிருந்தது. ட்வைட் மெல்வதை நிறுத்தினார்.

"இப்பவா?" என்றார் எமில். "பை?"

"ஃபிரிட்ஜ்ல இருக்கு."

"காபி?"

"பானைல தண்ணி ஊத்தி, தூள் போட்டு, அடுப்பு மேல வைக்கணும், மாமா. பக்கத்துல யாராவது நிக்கணும். அவ்வளவுதான்."

எமில் நாலு பேரையும் பார்த்தார். காபிக்குப் பக்கத்தில் நிற்பது எப்படி என்று யாருக்கும் தெரிகிற மாதிரி இல்லை.

"வெர்னா, பாத்திரமெல்லாம்..." என்று ஆரம்பித்தார் ஹார்லன்.

"இங்கயேதான் இருக்கும், ஹார்லன். எங்க ஓடிப் போகப் போகுது?"

அதுவும் நிஜம்தான். அவள் திரும்பி வரும்போது அந்தப் பாத்திரங்கள் கொழுப்புக் காய்ந்து அதே இடத்தில் காத்திருக்கும். அடுத்த ஞாயிறும் காத்திருக்கும். அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் கோட்டை மாட்டினாள். ஹார்லன் கொஞ்ச நேரம் சட்டியைப் பார்த்தார், பிறகு எழுந்து போய் ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்து வந்து கொடுத்தார்.

"பெட்ரோல் பாதிக்கு மேல இருக்கு," என்றார். "பாலத்துக்கிட்ட ரோடு சரியில்ல. பார்த்துப் போ."

மணி ஒன்று பத்து. ஒழுங்காகப் போனால் மூன்றுக்குள் போய்விடலாம். ஒரு மணி நேரம் கிடைக்கும்.

இதை எழுதுகிறவள் அதற்குள் மேஜையிலிருந்து நழுவிப் பின்பக்கப் படியில் உட்கார்ந்து, அன்று காலைதான் பிறந்த குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா காரின் அடுத்த பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுடி. மேப் பார்க்க ஆள் வேணும்."

"நானா? எனக்கு ஒண்ணும் தெரியாதே, பெரியம்மா."

"தெரியுமான்னு யாரு கேட்டா? ஏறு."

ஏறினாள். தானியக் கிடங்கையும் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டும் வரை பெரியம்மா ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டினாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஊரின் பெயர்ப்பலகை பின்னால் போனதும், ஒரு கையை எடுத்துக் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது யாரோடதுன்னு பாரு. காலைல அடுப்பு மேல கிடந்துச்சு, குமிழுக்குப் பக்கத்துல. ஆவியெல்லாம் இப்போ சண்டே ஸ்கூலுக்குப் போகுதான்னு கேக்கத்தான் இவ்வளவு நேரம் வச்சிருந்தேன்."

அன்றைய வகுப்பில் கொடுத்த பாடத்தாள். கீழே ஐந்து கேள்வி, மூன்றுக்குப் பதில் எழுதவில்லை. மேலே, பெயர் என்று போட்ட இடத்தில், பென்சிலால், கொட்டை கொட்டையாக, இதை எழுதுகிறவளின் பெயர் இருந்தது.